மெஸியான் நம் தாளங்களை எடுத்துக்கொண்டாரா?

நீங்கள் கேட்டது இது: ஒலிவியே மெஸியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இந்தியத் தாளங்களை வைத்து மேற்கத்திய இசை எழுதினார் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா, அவர் யார், எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

உண்மைதான். ஆனால் "நம்ம தாளத்தை வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போனான் பாரு" என்று மார்தட்டிக்கொள்ளும் அளவுக்கு நேரான உண்மை இல்லை. அவர் எடுத்துக்கொண்டது தாளத்தின் பெயரையும் எண்களையும். கையால் போடும் கணக்கு, சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் தட்டுக்கு, திரும்பி வந்து விழும் சுகம், இதையெல்லாம் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டதில்தான் அவருடைய இசையே இருக்கிறது என்பது என் எண்ணம்.

சின்ன வயதில் நாலைந்து வருஷம் மிருதங்கம் படித்தேன். பிறகு வேலை, குடும்பம் என்று அது போய்விட்டது; கேட்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. மெஸியானின் 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' என்ற படைப்பின் முதல் பாகத்தை ஒருமுறை என் பழைய மிருதங்க வாத்தியாருக்குப் போட்டுக் காட்டினேன். இதில் மூன்று தாளம் நம்முடையது என்று முன்னாலேயே சொல்லியும் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிப் பார்த்தார், விட்டார், மறுபடி தட்டினார். முடிந்ததும் கேட்ட ஒரே கேள்வி: "சமம் எங்கேடா?"

சரியான கேள்வி. அந்தப் பாகம் இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஓடும். அதில் பியானோ என்ன வாசிக்கிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். ஒரு அட்சரத்தை (தாளத்தின் ஒரு எண்ணிக்கையை) நாலாகப் பிரித்து, அந்தக் கால் பங்கை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பியானோவின் லயம் இதுதான்:

ராகவர்தனம்: 4 4 4 2 3 2
சந்திரகலா: 2 2 2 3 3 3 1
லக்ஷ்மீசம்: 2 3 4 8

கூட்டிப் பாருங்கள். 19, 16, 17. மொத்தம் 52, அதாவது சதுஸ்ர நடையில் 13 அட்சரம். இதில் 17 தட்டுகள் இருக்கின்றன. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, கடைசிவரை மாறாமல் இதே வரிசைதான். இதுவரைக்கும் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) மாதிரியே இருக்கிறதல்லவா?

இப்போது இன்னொரு வரிசை. பியானோ வாசிப்பது தனித்தனி ஸ்வரங்களை அல்ல, பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கட்டுகளை. அப்படி 29 கட்டுகள் ஒரு வரிசையாக வரும், தீர்ந்ததும் அதுவும் முதலிலிருந்து தொடங்கும். லயத்துக்கு 17, சுரக்கட்டுக்கு 29. இரண்டும் பகா எண்கள். முதல் சுற்று லயம் முடியும்போது சுரக்கட்டு வரிசையில் 17ஆவது இடத்தில்தான் நிற்கிறோம்; லயத்தின் இரண்டாம் சுற்று 18ஆவது கட்டில் தொடங்குகிறது. இப்படியே ஒன்றையொன்று விட்டு நழுவிக்கொண்டே போகும். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை: கிழமை ஏழு, நட்சத்திரம் 27, இன்றைக்கு வெள்ளியும் ரோகிணியும் சேர்ந்தால் அடுத்த வெள்ளிக்கு அந்த நட்சத்திரம் இருக்காது. இங்கே இரண்டும் ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர 493 தட்டுகள் வேண்டும். அதற்கு இந்தப் பாகம் இப்போது இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஓட வேண்டும். ஓடவில்லை, நடுவிலேயே நின்றுவிடுகிறது. வாத்தியார் தேடிய சமம் ஏதோ ஒரு கணக்கில் இருக்கிறது, ஆனால் நம் காதுக்கு எட்டுவதற்குள் இசை முடிந்துவிடுகிறது.

கூடவே வாசிக்கும் செல்லோவுக்கு (வயலினின் பெரிய அண்ணன் மாதிரியான தந்தி வாத்தியம்) இதே வித்தை வேறு எண்களில்: ஐந்தே ஐந்து ஸ்வரம், 15 தட்டு. அந்த 15-இல் முதல் மூன்று 4 3 4 (இங்கே 1 என்பது அரை அட்சரம்). மீதி 12-ஐ எழுதிப் பாருங்கள்: 4 1 1 3 1 1 1 1 3 1 1 4. பின்னாலிருந்து படித்தாலும் இதேதான். தமிழில் இதற்கு மாலைமாற்று என்று பெயரே இருக்கிறது. சம்பந்தர் ஒரு பதிகம் முழுக்க அப்படிப் பாடிவைத்திருக்கிறார். விகடகவி என்ற சொல்லை வைத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாடியிருப்பீர்கள். மெஸியான் இத்தகைய லயங்களைத் 'திருப்ப முடியாத லயங்கள்' என்று சொல்லி, வாழ்நாள் முழுக்கக் கட்டி மேய்த்தார். திருப்பினாலும் அதுவே வருவதால் திருப்புவதற்கு அர்த்தமில்லை, காலத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாகிவிடுகிறது. அதுதான் அவருக்கு வேண்டியது.

சரி, இந்த ராகவர்தனமும் சந்திரகலாவும் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன? 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ அரசவையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர் சார்ங்கதேவர். அவர் எழுதிய 'சங்கீத ரத்னாகர'த்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. (கணக்குப்பிள்ளை எழுதிய தாளப் பட்டியல் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.) பாரிஸில் லவின்யாக் தொகுத்த இசைக் கலைக்களஞ்சியத்தில் இந்தியாவைப் பற்றிய கட்டுரையில் அந்தப் பட்டியல் அச்சாகியிருந்தது. மெஸியான் அதைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். அந்தத் தாளங்களில் பெரும்பாலானவை நம் ஊரிலேயே கச்சேரி வழக்கில் இல்லாதவை. நாம் புழங்குவது ஆதி, ரூபகம் போன்ற ஸூளாதி தாளங்கள். பழைய வகைத் தாளத்தில் ஒரு உருப்படி நம் காதில் விழ வேண்டுமென்றால் மகா வைத்தியநாத ஐயரின் கானடா ராகத் தில்லானாவைத் தேட வேண்டும், 128 அட்சரம் கொண்ட ஸிம்ஹநந்தன தாளத்தில் அமைந்தது. அதைப் பாடத் துணிகிறவர்களே குறைவு. ஆக, நாமே அலமாரியில் போட்டுவைத்த ஒன்றைத்தான் அவர் புத்தகத்தில் பார்த்து எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டவர் அப்படியேயும் வைக்கவில்லை. பட்டியலில் ராகவர்தனம் 2 3 2 12. மெஸியான் முதலில் அதைத் தலைகீழாக்கினார்: 12 2 3 2. அப்புறம் அந்த 12-ஐ மூன்று 4-ஆக உடைத்தார். இப்போது பார்த்தால் 4 4 4 என்பதைப் பாதியாகக் குறுக்கினால் 2 2 2 வர வேண்டும். ஆனால் இருப்பதோ 2 3 2, நடுவில் ஒன்று கூடுதல். அந்த ஒட்டிக்கொண்ட 1-தான் அவருடைய பொக்கிஷம். சீராக நடந்துகொண்டிருக்கும் லயத்தில் ஒரு சின்ன அலகைச் சொருகினால் நடை நொண்டும், மேற்கத்திய காதுக்குப் பழகிப்போன ஒன்-டூ-த்ரீ கலைந்துவிடும். தன் இசைமொழியின் உத்திகளை விளக்கி 1944-இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் ஒளிக்காமல் எண் போட்டு எழுதியிருக்கிறார். லயத்தைப் பற்றிய பேச்சு அங்கே ராகவர்தனத்திலிருந்தே தொடங்குகிறது.

இப்போது ஆள் யார் என்பதற்கு வருகிறேன்.

1908 டிசம்பர் 10-இல் பிரான்ஸின் அவிஞோன் நகரில் பிறந்தவர். அப்பா பியேர் ஆங்கில ஆசிரியர், ஷேக்ஸ்பியரைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். அம்மா செஸில் ஸோவாஜ் கவிஞர். மகன் வயிற்றிலிருக்கும்போதே அவனைப் பற்றிக் கவிதைகள் எழுதினார். முதல் உலகப் போருக்கு அப்பா போய்விட, அம்மாவோடும் தம்பியோடும் கிரனோபிளில் இருந்த பையன், வண்ணத் தாள்களை ஜன்னலில் ஒட்டி வெளிச்சம் வரவைத்து வீட்டிலேயே ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டான். நிறத்தின் மேல் அந்தப் பித்து கடைசிவரை விடவில்லை. ஒவ்வொரு சுரக்கட்டும் அவருக்குக் கண்ணுக்குள் ஒரு நிறமாகத் தெரிந்தது; இன்ன இடத்தில் நீலமும் ஊதாவும், இன்ன இடத்தில் ஆரஞ்சு என்று தன் இசைப் பிரதிகளிலேயே எழுதிவைத்தார்.

11 வயதில் பாரிஸ் இசைக் கல்லூரி. 22 வயதில், 1931-இல், பாரிஸின் திரித்துவ ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகச் சேர்ந்தார். 1992-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அறுபத்தோரு வருஷம்! உலகப் புகழ் வந்த பிறகும் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மாடப்படி ஏறி ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார். ஆழ்ந்த கத்தோலிக்கர். அவருடைய இசையில் பெரும்பகுதி விசுவாசத்தைப் பற்றியது, அதில் ஒளிவுமறைவு கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் புதுமைவாதிகளில் பலர் கடவுளைக் கைகழுவியிருந்த காலத்தில் இவர் அப்படி இருந்தது சக கலைஞர்கள் பலருக்குச் சங்கடம்.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ராணுவத்தில் மருத்துவப் பணியாளராக இருந்தவர் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். கிழக்கே கோர்லிட்ஸ் நகரத்தில் இருந்த ஸ்டாலாக் 8-ஏ என்ற போர்க்கைதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்டார். முகாம் இருந்த இடம் இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. கைதிகளில் மூன்று பேர் வாத்தியக்காரர்கள்: கிளாரினெட் வாசிக்கும் ஆன்ரி அகோகா, செல்லோ வாசிக்கும் எதியேன் பாஸ்கியே, வயலின் வாசிக்கும் ழான் ல பூலேர். இசைமேல் பற்றுள்ள கார்ல்-ஆல்பர்ட் ப்ருல் என்ற ஜெர்மன் காவலர் தாளும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்து, எழுத ஒரு மூலையும் ஒதுக்கித் தந்தார். வயலின், கிளாரினெட், செல்லோ, பியானோ என்ற விநோதமான சேர்க்கை எப்படி வந்தது என்று கேட்டால், பதில் இவ்வளவுதான்: முகாமில் அந்த மூன்று பேர்தான் இருந்தார்கள், பியானோவுக்கு இவர்.

1941 ஜனவரி 15. வெளியே பனி. 27ஆம் எண் கொட்டகையில் கைதிகளும் முன்வரிசையில் ஜெர்மன் அதிகாரிகளும் உட்கார்ந்திருக்க, எட்டுப் பாகங்கள் கொண்ட அந்த இசை முதன்முதலாக வாசிக்கப்பட்டது. ஐயாயிரம் பேர் கேட்டார்கள் என்று மெஸியான் பிற்காலத்தில் சொல்வார். அந்தக் கொட்டகையில் சில நூறு பேருக்குத்தான் இடம். செல்லோவில் மூன்று தந்திதான் இருந்தது என்றும் சொல்வார். வாசித்த பாஸ்கியேவோ, இல்லை, நாலும் இருந்தது, மூன்றை வைத்து அந்த இசையை வாசிக்கவே முடியாது என்று மறுத்திருக்கிறார். நான் பாஸ்கியே கட்சி. ஆனால் மெஸியானைப் பொய்யர் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்த ராத்திரி அவர் நினைவில் ஐயாயிரம் பேராக வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தலைப்புக்கு ஆதாரம் விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷம் பத்தாம் அதிகாரம். ஒரு காலைக் கடலிலும் மறு காலைத் தரையிலும் ஊன்றி நிற்கும் தேவதூதன் அறிவிக்கிறான். தமிழ் வேதாகமத்தில் அது "இனி காலம் செல்லாது" என்று இருக்கிறது. மூன்றே சொல். சிறைக்கைதி இதை எழுதினான் என்றதும் கொடுங்கோல் முடியப்போகிறது என்ற அர்த்தத்தை நாம் எடுத்துக்கொள்வோம். மெஸியான் அதை அப்படி மட்டும் எண்ணவில்லை. இசையில் காலம் என்றால் சீரான தட்டு, திரும்பிவரும் சுற்று. அதை நிறுத்துவது எப்படி என்பது அவருக்கு ஒரு தொழில் பிரச்சினையாகவும் இருந்தது. 17-ஐயும் 29-ஐயும் மோதவிட்டது அதற்குத்தான். தாளத்தை எடுத்து, தாளம் நின்றுபோகும் இடத்துக்குக் கொண்டுபோனார்.

மற்ற மூவரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அகோகா அல்ஜீரியாவில் பிறந்த யூதர். 1941-லேயே கைதிகளை ஏற்றிச் சென்ற ரயிலிலிருந்து கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதித்துத் தப்பினார். ல பூலேர் வயலினை விட்டுவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு நடிகரானார். பாஸ்கியே தன் சகோதரர்களோடு சேர்ந்து வாசிக்கும் மூவர் குழுவுக்கே திரும்பினார். மெஸியான் அந்த வருஷமே விடுதலையாகி, பாரிஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

லயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஸ்வரத்தைப் பற்றியும் கொஞ்சம். கர்நாடக சங்கீதம் கேட்கிறவருக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் கிரகபேதம் தெரியும்: ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஷட்ஜமாக (ச) வைத்தால் இன்னொரு ராகம் வரும். மோகனத்தில் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். இப்போது ரிஷபப்ரியாவின் ஜன்யமான கோப்ரியாவை எடுங்கள்: ச, ரி2, க3, ம2, த1, நி2. எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்குப் போனாலும் இடைவெளி ஒன்றுதான். எதை ஷட்ஜமாக வைத்தாலும் மறுபடி கோப்ரியாதான் வரும். தப்பிக்க வழியில்லை. மெஸியானின் ஏழு 'வரம்புக்குட்பட்ட' ஸ்வரவரிசைகளில் முதலாவது இதுவேதான். இரண்டாவதுதான் அவருக்குச் செல்லப்பிள்ளை: ச, ரி1, க2, க3, ம2, ப, த2, நி2. இடைவெளிகள் அரை ஸ்வரம், முழு ஸ்வரம், அரை, முழு என்று மாறி மாறிப் போகும். இரண்டு காந்தாரம் வருவதால் 72 மேளத்தில், அதாவது தாய் ராகங்களில், இதற்கு இடமில்லை. சாதாரணமாக ஒரு ஸ்வரவரிசையைப் பன்னிரண்டு சுருதியில் வாசித்தால் பன்னிரண்டு விதமாக இருக்கும். இதை மூன்று சுருதியில் வாசித்தாலே தீர்ந்துவிடும், நாலாவது முதலாவதேதான். திருப்ப முடியாத லயம், நகர்த்த முடியாத ஸ்வரம். இந்த 'முடியாமை'யில்தான் வசீகரம் இருக்கிறது என்பது அவர் கட்சி. கேட்கும்போது எங்கேயோ போய்க்கொண்டே இருப்பதுபோல் தோன்றும், ஆனால் இடத்தை விட்டு அசையவே இல்லை.

பாஸ்டன் சிம்பொனி வாத்தியக் குழுவுக்காக எழுதிய 'துரங்கலீலா' சிம்பொனியின் பெயரே சார்ங்கதேவரின் பட்டியலில் உள்ள ஒரு தாளத்தின் பெயர். துரங்கம் என்றால் குதிரை. ஓடும் காலம், அதன் லீலை என்று அவர் பொருள் விரித்துக்கொண்டார். பத்துப் பாகம், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். 1949 டிசம்பர் 2-இல் நடந்த அரங்கேற்றத்தை லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தினார். பெரிய பியானோ, ஓந் மார்த்தனோ என்ற பழைய மின்வாத்தியம், கூட்டம் கூட்டமாகத் தாள வாத்தியங்கள். பலருக்கு இதுதான் அவருடைய உச்சம். எனக்குச் சில இடங்களில் பாகு அதிகமான ஜாங்கிரி தின்றதுபோல் இருக்கும். அவர் மாணவர் பியேர் பூலேஸுக்கும் இது பிடிக்கவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

மாணவர்கள் என்றதும் ஒன்று. பூலேஸ், ஸ்டாக்ஹவுஸன், ஸெனாக்கிஸ், ஜார்ஜ் பெஞ்சமின், முராய், கிரிஸே என்று அடுத்த தலைமுறை ஐரோப்பிய இசையின் பாதிப் பேர் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஒருவரும் அவரைப்போல் எழுதவில்லை, அதுதான் நல்ல வாத்தியாருக்கு அடையாளம். கிரேக்கத்திலிருந்து வந்த ஸெனாக்கிஸ் முறையான பயிற்சி இல்லாமல், முப்பதை எட்டும் வயதில், இசை இலக்கணத்தை அடியிலிருந்து படிக்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், நீ கிரேக்கன், கட்டடக்கலை தெரிந்தவன், கணிதம் தெரிந்தவன், அதை இசையில் போடு என்று சொல்லி அனுப்பினார்.

இதற்கிடையில் வீட்டில் நிம்மதி இல்லை. முதல் மனைவி கிளேர் டெல்போஸ், வயலின் கலைஞர், இசையமைப்பாளரும்கூட. போர் முடியும் தறுவாயில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நினைவு தப்பத் தொடங்கி, 1959-இல் இறக்கும்வரை பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். மகன் பாஸ்கலை வளர்த்தது மெஸியானே. பியானோ படைப்புகள் பெரும்பாலானவற்றை யாருக்காக எழுதினாரோ அந்த மாணவி இவோன் லோரியோவை 1961-இல் மணந்தார். லோரியோ இல்லையென்றால் அந்தப் பியானோ இசையில் பாதி எழுதப்பட்டே இருக்காது. அவ்வளவு கஷ்டமான விரல்வேலை.

பிறகு பறவைகள். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆசிரியர் போல் தியூகா "பறவைகளைக் கேளுங்கள்" என்று சொன்னதை அவர்போல் யாரும் அட்சரசுத்தமாக எடுத்துக்கொண்டதில்லை. விடிவதற்கு முன் எழுந்து, தலையில் ஒரு குல்லாய், கையில் இசை எழுதும் நோட்டு, காட்டோரமாகவோ ஏரிக்கரையிலோ நின்று காதில் விழுவதை நேராக ஸ்வரமாக எழுதுவார். பறவை பாடுவது பியானோவுக்கு எட்டாத உச்சத்தில், எட்டாத வேகத்தில் இருக்கும். அதனால் ஒன்றிரண்டு ஸ்தாயி கீழே இறக்குவார், வேகத்தைக் குறைப்பார். அரை ஸ்வரத்தைவிடச் சின்ன இடைவெளிகள் வந்தால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் விரித்துக்கொள்வார். இங்கேதான் கர்நாடக சங்கீதக் காது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து, வழுக்கிப் பாடுவது) இல்லாத பியானோவில் குயிலை எப்படிக் கொண்டுவருவது? அவர் வழுக்கலைக் கைவிட்டு நிறத்தைப் பிடித்தார். ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் ஒரு சுரக்கட்டை வைத்து, குரலின் கரகரப்பையும் பளபளப்பையும் அதில் ஏற்றினார். அசலோடு ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஏதோ ஒரு பறவை அலகை விரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும்.

1956 முதல் 1958 வரை எழுதிய 'பறவைகளின் பட்டியல்' 13 பியானோ துண்டுகள். நடுவில் வரும் நாணல் கதிர்க்குருவித் துண்டு மட்டுமே அரை மணி நேரம். நள்ளிரவில் தொடங்கி மறுநாள் விடியற்காலை மூன்று மணிவரை ஒரு குளக்கரையில் என்னென்ன கேட்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறது. தவளை, நாரை, அல்லி, சூரியோதயம் எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் எழுதிய 'அயல்நாட்டுப் பறவைகள்' படைப்பில் நம் மலை மைனாவும் சோலைபாடியும் வருகின்றன. அதே படைப்பில் தாள வாத்தியங்கள் தேசி தாளங்களை வாசித்துக்கொண்டிருக்கும். மேலே சோலைபாடி, கீழே சார்ங்கதேவர். அந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இரண்டும் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கடைசிக் காலத்துப் பெரும்படைப்பு அவர் எழுதிய ஒரே ஓபரா (இசை நாடகம்), புனித பிரான்சிஸைப் பற்றியது, 1983 நவம்பரில் பாரிஸில் அரங்கேறியது. இடைவேளை சேர்க்காமலே நாலு மணி நேரம். அதில் பிரான்சிஸ் பறவைகளுக்குப் பிரசங்கம் செய்யும் காட்சி மட்டும் முக்கால் மணி நேரத்தைத் தொடும். உட்கார முடியுமா என்றால், முழு ராத்திரி தெருக்கூத்து பார்த்துப் பழகியவர்களுக்கு முடியும். 1992 ஏப்ரல் 27-இல் இறந்தார். பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியில், கோடையில் அவர் எழுதப் போகும் ஊருக்குப் பக்கத்தில் கல்லறை. கல்லையே பறவை வடிவத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? 'துரங்கலீலா'விலிருந்து வேண்டவே வேண்டாம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'நால்வர் இசை'யையே எடுங்கள், ஆனால் வரிசையாகக் கேட்காதீர்கள். முதலில் ஐந்தாம் பாகம், செல்லோவும் பியானோவும் மட்டும். எட்டு நிமிடம் போல இருக்கும், விளம்ப காலத்திலும் விளம்பம், அவ்வளவு மெதுவான நடை. பியானோ ஒரே மாதிரி சுரக்கட்டுகளைத் தட்டிக்கொண்டே இருக்க, செல்லோ ஒரு மெட்டை இழுத்துக்கொண்டே போகும். இது புரிவதற்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். 1937 பாரிஸ் கண்காட்சியில் நீரூற்று வேடிக்கைக்காக எழுதிய மெட்டை இங்கே செல்லோவுக்கு மாற்றி வைத்திருக்கிறார் என்பதைக் கேட்ட பிறகு தெரிந்துகொண்டால் போதும்.

அடுத்து மூன்றாம் பாகம், தனிக் கிளாரினெட். இதற்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும், குக்கர் விசில் ஓய்ந்த பிறகு போடுங்கள். ஒரே ஒரு ஸ்வரம் ஒலியே இல்லாத இடத்திலிருந்து புறப்பட்டு, மெல்ல வீங்கி, காது அடைக்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கும். நாதஸ்வரத்தில் நீளமான கார்வை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மூச்சின் விலை தெரியும். அப்புறம் ஆறாம் பாகம்: நாலு வாத்தியமும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கும், துணைச் சுரக்கட்டே கிடையாது. 2 3 2 போல அங்கங்கே ஒரு கூடுதல் 1 சொருகியிருப்பதை இதில்தான் நன்றாகக் கேட்கலாம். கை தானாகத் தாளம் போடப் பார்க்கும். போடட்டும், எங்கே தவறுகிறது என்று கவனியுங்கள்.

முதல் பாகத்தைக் கடைசியில் வையுங்கள். வயலினும் கிளாரினெட்டும் விடியற்காலை மூன்று நாலு மணிக்குக் கூவும் இரண்டு பறவைகள், அவற்றின் மேல்தான் காது முதலில் போகும். இரண்டாம் தடவை அதை விட்டுவிட்டுப் பியானோவின் 2 3 4 8-ஐ மட்டும் தேடுங்கள், கடைசி 8 நீளமாக நிற்பதால் பிடித்துவிடலாம். ஒரு தடவை பிடித்ததும் அடுத்து எப்போது வருகிறது என்று எண்ணத் தொடங்குங்கள்: அதே 8, வேறு சுரக்கட்டின் மேல்.